அயல்நாடு செல்லும் நம் பிள்ளைகள்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

    

இவ்விழாவிலே எதைப்பற்றிப் பேசலாம் என்று கழகச் செயலாளர் அவர்களைக் கேட்டபொழுது, "கல்வியின் சிறப்பைப்பற்றிப் பேசுங்கள்" என்றார். கல்வியின் சிறப்பை நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டிய காலம் கடந்துவிட்டது என்பது என் எண்ணம். நாற்று நட்டும், கரும்பு வெட்டியும், செங்கல் சுமந்தும் பெற்ற கூலியில் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகின்ற தாய்மார்கள் இவ்வரங்கிலே அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு நான் கல்வியின் சிறப்பைச் சொல்வது, கொல்லனுக்கு இரும்பின் பெயரைச் சொல்வது போலாகும். ஆகவே வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். படிப்பதற்கு இடம் கிடைத்த பிறகு, சென்ற இடத்திலே நிலைகொள்வது எப்படி என்பதே அப்பொருள். அதிலும், கடல் கடந்து பல்கலைக்கழகம் செல்லும் நம் பிள்ளை அங்கே எப்படி ஊன்றி நிற்பது என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

"உளுந்தூர்பேட்டையில் இருந்துகொண்டு இலண்டன் கதை எதற்கு?" என்று சிலர் எண்ணலாம். காரணம் இருக்கிறது.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, நம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் காலனியிலே பிறந்தவள், அரசு உதவித்தொகை பெற்றுப் பிரிட்டனுக்கு முதுகலை படிக்கச் சென்றாள். அவளை வழியனுப்பக் காலனியே திரண்டு வந்தது. செப்டம்பர் இறுதியில் சென்றவள், அக்டோபர் நடுவில் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். அங்கே அப்போது இரவு பதினொன்றரை. "ஐயா, நான் திரும்பி வந்துவிடட்டுமா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சாப்பிட்டாயா அம்மா?" என்று கேட்டேன். "ரொட்டி தின்றேன் ஐயா" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

அன்று முதல் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. அவளுக்கு இடம் வாங்கித் தருவதற்கு எத்தனையோ பேர் உழைத்தோம். விண்ணப்பம் எழுதினோம், சான்றிதழுக்கு அலைந்தோம், வருமானச் சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலகத்திலே காத்துக்கிடந்தோம். இடம் கிடைத்த பிறகு வரும் முதல் மூன்று மாதங்களுக்கு நாம் எவரும் அவளை ஆயத்தம் செய்யவே இல்லை.

நானும் திரும்பி வந்தவன்

அவள் கேட்ட கேள்வி எனக்குப் புதிதன்று. 1987-ஆம் ஆண்டு, நம் பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், நான் இளங்கலை படிக்க வெளியூர் சென்று விடுதியிலே சேர்ந்தேன். எந்தக் கல்லூரி, எந்த விடுதி என்பதை இங்கே சொல்ல வேண்டுவதில்லை. அவரவர் தட்டை அவரவர் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே வழக்கம். நான் கொண்டுபோனது ஓர் அலுமினியத் தட்டு, ஓரம் நசுங்கியது. முதல் நாளே சிரிப்பு. இரண்டாம் வாரம், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் தட்டுகளைத் தனி வரிசையில் கவிழ்த்து வைக்குமாறு சொல்லப்பட்டது. யார் சொன்னார், ஏன் சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. பதினோராம் நாள் மாலை நான் பேருந்து ஏறி ஊர் வந்து சேர்ந்தேன்.

என் தந்தையார் பண்ணையில் வேலை செய்தவர். எழுத்தறியாதவர். என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை என்னை உளுந்தூர்பேட்டைக் கடைவீதிக்கு அழைத்து வந்தார். எவர்சில்வர்த் தட்டு ஒன்று வாங்கி, அதில் என் பெயரை வெட்டச் சொன்னார். கடைக்காரர் பெயரை வெட்டித் தந்ததும், "பெயர் வெட்டிய தட்டைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். நீயும் திரும்பி வராதே" என்றார். அவ்வளவுதான் அவர் ஆற்றிய உரை. அன்று பிற்பகலே விடுதிக்குத் திரும்பினேன். அந்தத் தட்டோடுதான் இளங்கலையும் முடித்தேன், பின்னர்க் கல்வியியலும் முடித்தேன்.

நான் கடந்தது ஐம்பது அறுபது கல் தொலைவு. அவள் கடந்தது ஆயிரக்கணக்கான கல். ஆயினும் இருவர் நெஞ்சிலும் எழுந்த கேள்வி ஒன்றே. கல்வராயன் மலையிலே வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இறங்கிச் சமவெளிப் பள்ளி விடுதியில் சேரும் மலையாளிப் பழங்குடிச் சிறுவனுக்கும் அதுவே கேள்வி. 'இந்த இடம் எனக்குரியதா?' என்பதே அக்கேள்வி. அதற்கு விடை கண்டவன் படித்து முடிக்கிறான். காணாதவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்தில் வந்து நிற்கிறான்.

அண்ணலின் முதல் மாதங்கள்

நம்மவரில் இக்கேள்விக்கு முதலில் விடை கண்டவர் அண்ணல் அம்பேத்கர். அவருடைய பட்டங்களை நாம் மேடைதோறும் அடுக்குகிறோம். அவர் நியூயார்க்கில் இறங்கிய முதல் மாதங்கள் எப்படிக் கழிந்தன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1913-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அண்ணல் நியூயார்க் சென்றடைந்தார். அப்போது அவர்க்கு அகவை இருபத்திரண்டு. அவ்வாண்டு பிப்ரவரி 2-ஆம் நாள்தான் தந்தையார் இராம்ஜி மறைந்திருந்தார். துணைவியார் இரமாபாயைப் பம்பாயிலே விட்டுச் சென்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை அளித்தார். படித்து முடித்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை.

கொலம்பியா பல்கலைக்கழகத்து மாணவர் இல்லமாகிய ஆர்ட்லி கூடத்திலே முதலில் தங்கினார். அங்கே பரிமாறப்பட்ட உணவு அவர்க்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரத்தில் அதைவிட்டு நீங்கி, இந்திய மாணவர் சிலர் தங்கியிருந்த வேறோர் இடத்திற்குச் சென்றார். பின்னர் அங்கிருந்தும் மாறி, லிவிங்ஸ்டன் கூடத்திலே நேவல் பதேனா என்னும் பார்சி நண்பரோடு தங்கினார். புதிய ஊர், புதிய விடுதலை. தொடக்கத்தில் சில காலம் விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் கழிந்தது என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். அதன் பிறகே, தாம் எதற்காக வந்தோம் என்பதை எண்ணித் தம்மை ஒரு நேர ஒழுங்குக்குள் கட்டிக்கொண்டார்.

இளைஞர்களே! இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை பல.

முதலாவது, அண்ணலே முதல் நாளில் நிலைகொள்ளவில்லை. மூன்று இடங்கள் மாறினார். உணவு பிடிக்காமற் போயிற்று. பொழுதும் கொஞ்சம் வீணாயிற்று. ஆகவே, சென்ற மூன்றாம் வாரத்தில் உங்களுக்கு மனம் கலங்கினால், அது உங்கள் தகுதிக் குறைவைக் காட்டுவதன்று. பெயர்த்து நட்ட நாற்று முதல் சில நாள்கள் மஞ்சளித்துத்தான் நிற்கும். உழவர் வீட்டுப் பிள்ளைகளாகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுவதில்லை. வேர் பிடிக்கும் வரை எவரும் நாற்றைப் பிடுங்கிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, தங்கும் இடம் ஒத்துவராவிட்டால் இடத்தை மாற்றுங்கள், படிப்பை மாற்றாதீர்கள். நான் 1987-இல் செய்த தவறு அதுதான். விடுதியில் நேர்ந்த இழிவுக்காகக் கல்லூரியையே விட்டுவிட்டு வந்தேன். அண்ணலோ இல்லத்தை விட்டார், பல்கலைக்கழகத்தை விடவில்லை. இன்று அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே விடுதி மாற்றத்திற்கென அலுவலகம் உண்டு, மாணவர் நலத்துக்கென ஆலோசகர் உண்டு. அவர்களிடம் போய்ச் சொல்வது இரத்தல் ஆகாது. நீங்கள் கட்டிய கட்டணத்தில் அடங்கிய உரிமை அது.

மூன்றாவது, நட்பு. நேவல் பதேனா நம் குலத்தவர் அல்லர், நம் சமயத்தவரும் அல்லர். ஆயினும் அவர் அண்ணலுக்கு வாழ்நாள் நண்பரானார். பின்னாளில் இலண்டன் படிப்பைத் தொடரப் பணம் தேவைப்பட்டபோது கடன் கொடுத்து உதவியவரும் அவரே. 'நம்மவர் எவரும் இல்லையே' என்று அறைக்குள் முடங்குகின்ற பிள்ளை, எதிர் அறையிலே இருக்கும் தன் பதேனாவைக் காணாமலே போய்விடுகிறான். கென்யா நாட்டு மாணவனும், வியட்நாம் நாட்டு மாணவியும், அவ்வூர் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையும் உங்களைப் போலவே அச்சத்தோடு அங்கே வந்து சேர்ந்திருக்கின்றனர். முதலில் வணக்கம் சொல்பவர் நீங்களாக இருங்கள்.

வாய் திறத்தல்

நான்காவதாக ஒன்று சொல்கிறேன். இதில் என் குற்றமும் கலந்திருக்கிறது.

1916-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், கொலம்பியாவிலே மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசரின் ஆய்வரங்கில் அண்ணல் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் சாதிகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன என்பதைப் பற்றியது அது. சாதியின் உயிர்நிலை அகமண முறையிலே இருக்கிறது என்று அவர் அதில் வாதிட்டார். அப்போது அவர்க்கு அகவை இருபத்தைந்து. பள்ளியிலே தனியே கோணியில் அமர்த்தப்பட்டவர், தண்ணீர்ப் பானையைத் தொட விடப்படாதவர், உலகப் பேரறிஞர் கூடிய அரங்கிலே எழுந்து, தம்மை ஒதுக்கிய அமைப்பையே ஆராய்ச்சிப் பொருளாக்கிப் பேசினார்.

நம் பிள்ளைகள் அயல்நாடு சென்றதும் அங்கே தடுமாறுவது இந்த இடத்தில்தான். அங்கெல்லாம் விரிவுரையோடு பாடம் முடிந்துவிடாது. பத்துப் பதினைந்து மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, படித்துவந்த நூலைப்பற்றி ஆசிரியரோடு விவாதிப்பர். அங்கே வாய் திறவாதவன் படிக்காமல் வந்தவன் என்றே கொள்ளப்படுவான். நம் பள்ளிகளிலோ கைகட்டி வாய் பொத்தி இருப்பவனே நல்ல மாணவன். முப்பது ஆண்டுகளாக "பேசாதே" என்று பிரம்பால் மேசையைத் தட்டியவர்களில் நானும் ஒருவன். அம்மாணவி தொலைபேசியிலே, "வகுப்பில் எல்லோரும் பேசுகிறார்கள் ஐயா, எனக்கு விடை தெரிந்தும் வாய் வரவில்லை" என்றபோது, அவள் வாயை அடைத்து வைத்தவர்களில் ஒருவன் அவளுடன் பேசிக்கொண்டிருக்கிறான் என்று உணர்ந்தேன்.

அவளுக்கு நான் சொன்ன வழி இது: "ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போ. முதல் பத்து நிமிடத்திற்குள் அதைக் கேட்டுவிடு. பிறகு அச்சம் தானே விலகும்." அவள் அவ்வாறே செய்தாள். அவ்வூரார் பேசும் ஆங்கிலம் காதுக்குப் பழக ஐந்தாறு வாரங்கள் ஆயின. அதன் பின் அவள் என்னை விடியற்காலையில் எழுப்பவில்லை.

இன்னொன்றையும் மாணவர்கள் முன்னரே அறிந்து செல்லுதல் வேண்டும். பிறர் நூலிலிருந்து எடுத்த கருத்தை, எடுத்த இடம் குறிப்பிடாமல் தம் கட்டுரையில் எழுதுவதை அப்பல்கலைக்கழகங்கள் திருட்டாகவே கருதுகின்றன. குறிப்பேட்டை அப்படியே ஒப்பித்து மதிப்பெண் பெற்றுப் பழகிய நம் பிள்ளைகள் அறியாமையால் இதில் சிக்குவதுண்டு. முதல் கட்டுரை எழுதுமுன்னரே நூலகத்தாரிடம் இம்முறையைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

பணமும் குளிரும்

ஐந்தாவது, பணம். அண்ணல் தமக்குக் கிடைத்த பதினொன்றரைப் பவுனிலும் ஒரு பகுதியைக் குடும்பத்திற்கு அனுப்பினார். எஞ்சியதிலே சிக்கனமாக வாழ்ந்து, பழைய நூல்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் வாங்கினார் என்பர். 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றபோது நிலைமை இன்னும் கடினம். காலையில் கொஞ்சம் ரொட்டியும் தேநீரும், பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து நூலகத்திலே மாலை வரை படிப்பு, இரவிலே பசி தாங்காமல் நம் நாட்டு அப்பளத்தைத் தகரத் தட்டில் வாட்டித் தின்றார் என்று அவர் வரலாறு கூறுகிறது. 1921-22-இல் அவர் தங்கியிருந்த இலண்டன், எண் 10, கிங் என்றி சாலை வீட்டை மகாராட்டிர அரசு 2015-இல் விலைக்கு வாங்கி நினைவிடமாக்கியது. அங்கே செல்பவர்கள் அவர் பெற்ற பட்டங்களோடு அந்த அப்பளத்தையும் நினைத்தல் வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான் என்றதும், தங்கை திருமணத்திற்கும் வீட்டுக் கடனுக்கும் அவனையே எதிர்பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. உதவித்தொகை படிப்பதற்காகத் தரப்படுவது. பிரிட்டனில் பட்டப்படிப்புக்குச் செல்லும் அயல்நாட்டு மாணவர் பாட நாள்களில் பொதுவாக வாரம் இருபது மணி நேரத்திற்கு மேல் வேலை செய்தல் கூடாது. வீட்டின் நெருக்கடிக்காக அவ்விதியை மீறினால் விசாவே பறிபோகும். படிக்கும் காலத்தில் அவனிடம் பணம் கேளாதிருப்பதே நீங்கள் அவனுக்குச் செய்யும் பெரிய உதவி.

குளிரைப்பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பர்த் திங்களில் இலண்டனிலே பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். நம் பிள்ளைகளை வாட்டுவதில் குளிருக்கு இருட்டு இளைத்ததன்று. வெளிச்சம் உள்ளபோதே ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். உண்ணும் நேரத்தை மாற்றக் கூடாது. சோறும் பருப்பும் வைக்கவும், ஒரு குழம்பு கூட்டவும் ஆண் பிள்ளைகளும் இங்கேயே கற்றுக்கொண்டு செல்ல வேண்டும். "என் மகன் அடுப்படிக்கே வந்ததில்லை" என்று பெருமை பேசும் தாய்மார்கள் தம் பிள்ளையைப் பட்டினி போடுகின்றனர் என்பதே உண்மை.

காலம் குறைவு என்பதையும் மறவாதீர்கள். பரிமாற்ற மாணவர் என்றொரு முறை உண்டு. இரு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு, தத்தம் மாணவரை ஒரு பருவத்திற்கோ ஓர் ஆண்டிற்கோ மாற்றி அனுப்புவது அது. பெரும்பாலும் கட்டணத்தைத் தம் பல்கலைக்கழகத்திலேயே கட்டலாம். அங்கே பெற்ற மதிப்பீடும் இங்கே கணக்கில் சேரும். செலவு குறைந்த நல்ல வழிதான். ஆனால் ஐந்து மாதம் தங்கச் செல்பவன், பழகுவதற்கே மூன்று மாதம் எடுத்துக்கொண்டால் எஞ்சுவது என்ன? பிரிட்டனில் முதுகலைப் படிப்பும் பெரும்பாலும் ஓராண்டே. ஆகவே நிலைகொள்ளும் பயிற்சியை உளுந்தூர்பேட்டையிலேயே தொடங்கிவிட வேண்டும்.

பின்தொடரும் சாதி

தோழர்களே! கசப்பான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மாணவி திரும்பி வர நினைத்ததற்குக் குளிரும் ரொட்டியும் மட்டும் காரணமல்ல. பொதுச் சமையலறையிலே உடன் தங்கிய இந்திய மாணவர் ஒருவர், முதலில் ஊர் எது என்று கேட்டார். பிறகு தந்தையின் தொழில் என்ன என்று கேட்டார். பிறகு குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். அடுத்த வாரம் தம் பாத்திரங்களை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டார். என் அலுமினியத் தட்டு கடல் கடந்து அங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எண்ணினேன்.

ஆயினும் 1987-க்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இன்று உலகம் இதற்குப் பெயர் சூட்டத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவிலே பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இல், சாதியின் பெயரால் வேற்றுமை காட்டுதல் கூடாதெனத் தன் விதிகளில் சேர்த்தது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-இல் தன் வளாகங்கள் அனைத்திற்கும் இவ்விதியைக் கொண்டுவந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரமன்றம் சாதி வேற்றுமையைத் தடைசெய்து சட்டமியற்றியது. பிரிட்டனிலே 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் சாதி தனியொரு பாதுகாப்புப் பிரிவாக இடம்பெறவில்லை. எனினும் அச்சட்டத்தில் கூறப்படும் இனம் என்னும் பிரிவுக்குள் சாதி அடங்கக் கூடும் என்று அந்நாட்டு வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014-இல் கூறியது. இவையெல்லாம் நம்மைப் போன்ற பிள்ளைகள் வாய் திறந்து சொன்னதனால் வந்தவை. ஆகவே அவமதிப்பு நேர்ந்தால் நாளும் நேரமும் குறித்து எழுதி வையுங்கள். பல்கலைக்கழக அலுவலரிடம் எழுத்து வடிவில் தெரிவியுங்கள். நீங்கள் தலைகுனிய வேண்டிய செயல் எதுவும் அங்கே நடக்கவில்லை. தலைகுனிய வேண்டியவர் பாத்திரத்தை எடுத்து வைத்தவர்.

திரும்பி வருவோர்க்கு இடம்

இனி, இளைஞர்களை விட்டுக் கழகத்தாரிடம் வருகிறேன்.

அமெரிக்காவிலும் இலண்டனிலும் கழித்த காலம், தாம் தீண்டத்தகாதவர் என்னும் எண்ணத்தையே தம் மனத்திலிருந்து துடைத்துவிட்டதாக அண்ணல் தம் நினைவுக் குறிப்புகளிலே எழுதியிருக்கிறார். 1917-இல் பரோடா புகைவண்டி நிலையத்திலே இறங்கியபோதுதான், 'எங்கே தங்குவது?' என்ற கேள்வி அவரைத் தாக்கியது. எவரும் இடம் தரவில்லை. பார்சிகள் தங்கும் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். சில நாள்களில் செய்தி வெளிப்பட்டது. தடி ஏந்திய கும்பல் ஒன்று வந்து அவரை வெளியேறச் சொன்னது. நண்பர் இருவரிடம் இடம் கேட்டார். இருவரும் நழுவினர். அன்று பகலெல்லாம் ஒரு பூங்காவிலே அமர்ந்திருந்து, இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். நியூயார்க்கில் அறை கிடைத்தது, இலண்டனில் அறை கிடைத்தது. கொலம்பியாவில் பயின்ற அப்பேரறிஞர்க்குத் தாய்நாட்டிலே தங்க ஓர் அறை இல்லை!

இதை நினைக்கும்போதெல்லாம் நம் கழகத்தின் பொறுப்பு எனக்குத் தெளிவாகிறது. அயல்நாடு செல்ல இன்று வழிகள் உள்ளன. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான நடுவண் அரசின் அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் வழங்கப்பட்டு வருகிறது. அண்மைய விதிகளின்படி ஆண்டுக்கு 125 இடங்கள், குடும்ப வருமானம் எட்டு இலட்சத்திற்குள், அகவை முப்பத்தைந்துக்குள், முப்பது விழுக்காடு பெண்களுக்கு. நிலமற்ற உழவுத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அதில் சில இடங்கள் உண்டு. தமிழ்நாடு அரசும் அண்ணலின் பெயரால் அமைந்த திட்டத்திலே ஆண்டுக்கு முப்பத்தாறு இலட்சம் ரூபாய் வரை அண்மை ஆண்டுகளில் அளித்துவந்துள்ளது. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் நேரில் கேட்டறிதல் நலம். கேரளத்திலே ஏழைக் குடும்பத்தில் பிறந்த கே. ஆர். நாராயணன், டாட்டாவின் பண உதவியால் 1945-இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்றார். 1997-இல் குடியரசுத் தலைவரானார். வழி இருந்தால் நம்மவர் எங்கே போய் நிற்பர் என்பதற்கு அவர் சான்று.

அரசு வழியைத் தரும். துணையை நாம்தான் தர வேண்டும். ஆகவே கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, முதல் மூன்று மாத நிதி. உதவித்தொகை கைக்கு வந்து சேர நாளாகும். அதற்குள் பயணச்சீட்டு, கம்பளி உடை, அறை முன்பணம் எல்லாம் வேண்டும். இதற்காகவே தாய்மார்கள் கந்துவட்டிக்காரரிடம் தாலியை வைக்கின்றனர். வட்டியின்றித் தந்து, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெறும் சுழல்நிதி ஒன்று கழகத்தில் ஏற்படுதல் வேண்டும். என் பங்காக ஒரு மாத ஊதியத்தை இம்மேடையிலேயே தருகிறேன்.

இரண்டு, வெளியூரோ வெளிநாடோ, படிக்கச் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கழகத்தில் ஒருவர் பொறுப்பேற்று, முதல் மூன்று மாதம் வாரந்தோறும் பேசுதல் வேண்டும். மதிப்பெண் கேட்க வேண்டாம். "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் போதும். மலையிலிருந்து இறங்கி நம் ஊர் விடுதியிலே தங்கும் பழங்குடிப் பிள்ளைகளையும் இவ்வேற்பாட்டில் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். நாம் பிற ஊரில் எதிர்பார்க்கும் அன்பை, நம் ஊர்க்கு வந்தவர்க்கு நாம் காட்டாவிட்டால் அது நியாயமாகாது.

மூன்று, படித்துத் திரும்பி வருவோர்க்கு நம் மாலைப் பள்ளியிலே ஓர் இடமும் ஒரு கரும்பலகையும் ஒதுக்குங்கள். அவர்கள் வந்து, தாம் தடுமாறிய கதையை அடுத்த பிள்ளைக்குச் சொல்லட்டும். வென்ற கதையைக் காட்டிலும் அது பெரிதும் பயன்படும்.

அண்ணல் 1913-இல் நியூயார்க் சென்ற சில நாள்களிலேயே தம் தந்தையின் நண்பர்க்கு எழுதிய மடலில், ஆண் கல்வியோடு பெண் கல்வியும் இணைந்து நடந்தால் நம் முன்னேற்றம் விரைவுபடும் என்ற கருத்தை வலியுறுத்தினார். அந்த மடலுக்கு நம் வட்டத்திலிருந்து எழுதப்பட்ட விடைகளில் ஒன்று அந்த மாணவி. அவள் திரும்பி வரவில்லை. படித்து முடித்தாள். முதுகலைப் பட்டம் பெற்ற பிறகே ஊர் வந்தாள். இன்று இவ்வரங்கிலே மூன்றாம் வரிசையில் தன் தாயோடு அமர்ந்திருக்கிறாள். பெயர் சொல்லக் கூடாதென்று என்னிடம் முன்னரே கேட்டுக்கொண்டாள். வரும் வாரம் முதல் மாலைப் பள்ளியில் ஆங்கிலம் பேசும் பயிற்சியை அவள் தொடங்குகிறாள். என் வகுப்பறையிலும் இனிப் பிரம்பு மேசையைத் தட்டாது. கேள்வி கேட்கும் பிள்ளைக்கே அங்கு முதலிடம்.

செல்லுங்கள் பிள்ளைகளே! சென்ற இடத்தில் வேர் பிடியுங்கள். திரும்பி வரும்போது உங்களுக்கு இங்கே இடம் உண்டு.

வாழ்க அண்ணலின் புகழ்! வளர்க நம் கல்விக் கழகம்!